மண்டையில் கட்டி என்றால் வாழ்க்கை முடிந்துவிட்டதா?

(தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிப் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை. அன்று வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், ஓர் அம்மா எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். முந்தானையில் சுற்றி வைத்திருந்த கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். "பெரியாஸ்பத்திரியில எம் மகளுக்கு மண்டையில கட்டின்னு சொல்லிட்டாங்க. இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டார்.

மகளுக்கு வயது 29. இரண்டு பிள்ளைகள். கொழுந்து எடுக்கிறவர். கொஞ்ச நாளாகத் தலைவலி. மலையில் நடக்கும்போது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வாது கண்ணுக்குத் தெரியாமல் முட்டிக்கொள்வாராம். எதிரில் வந்தால் பேசுவார், பக்கத்தில் வந்தால் கவனிக்காமல் போய்விடுவார். "அவளுக்குப் பெருமை வந்திருச்சு" என்று லயத்தில் பேச்சு. ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, அது பெருமை இல்லை, பார்வை என்று. கட்டி என்ற சொல் லயத்துக்குள் வந்ததும், சிலர் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்களாம்.

ஆப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று குடும்பம் தவிக்கிறது. அந்த அம்மாவிடமும் மகளிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் இதை இங்கே பேசுகிறோம். அன்றைக்கு அம்மாவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, நாளை எண்ணாதீங்க. கிளினிக் திகதியை எண்ணுங்க." ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை விளக்குவதே இன்றைய பேச்சு.

அந்தக் கட்டி எங்கே இருக்கிறது?

மூக்கின் வேருக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில், எலும்பாலான ஒரு சின்னக் குழி உண்டு. அதற்குள் கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. நிறை ஏறக்குறைய அரைக் கிராம்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைக் கபச்சுரப்பி என்று எழுதியிருப்பார்கள். டொக்டர்மார் பிட்யூட்டரி என்பார்கள்.

அளவு சின்னது, அதிகாரம் பெரிது. காலையில் பெரட்டு நடப்பதை நினைத்துப் பாருங்கள். துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை கங்காணிமாரிடம் சொல்வார். கங்காணி ஆளுக்கு நிரை பிரித்துக் கொடுப்பார். உடம்பிலும் இதே ஒழுங்குதான். மூளை துரை என்றால், கபச்சுரப்பி பெரிய கணக்கப்பிள்ளை. கழுத்தில் உள்ள தைரொயிட், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பி, பெண்களின் சூலகம், ஆண்களின் விதை இவையெல்லாம் கங்காணிமார். கணக்கப்பிள்ளை அனுப்புகிற துண்டுக்குத்தான் ஓமோன் என்று பெயர். வளர்த்தி, மாதவிலக்கு, தாய்ப்பால், உடம்பின் தெம்பு, சிறுநீரின் அளவு எல்லாம் இந்தத் துண்டுகளின்படி நடக்கின்றன.

இந்தச் சுரப்பியில் கட்டி வந்தால் மூன்று விதமாகத் தொந்தரவு வரலாம். ஒன்று, ஏதாவது ஓர் ஓமோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். இரண்டு, கட்டி நல்ல பகுதியை நசுக்கி, தேவையான ஓமோன் குறைந்துபோகும். மூன்று, சுரப்பிக்கு நேர் மேலே போகும் கண் நரம்பைக் கட்டி அழுத்தும். அப்போது நேரே உள்ளது தெரியும், இரண்டு பக்கமும் உள்ளது தெரியாது. வண்டிக் குதிரைக்குக் கண்மறைப்புக் கட்டியது போல. அந்த மகளுக்கு வந்தது இதுதான்.

இது புற்றுநோயா?

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். பதிலைத் தெளிவாகச் சொல்கிறோம். கபச்சுரப்பிக் கட்டிகளில் மிக மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுகிற வகை ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. வேறு காரணத்தால் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்த வைத்தியர்கள், ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இந்தச் சுரப்பியில் சின்னக் கட்டி இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு இருந்த காலமெல்லாம் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்திருக்கிறார்கள். ஆகவே, கட்டி இருக்கிறது என்பதால் மட்டும் ஆயுள் குறைந்துவிடாது. என்ன வகை, என்ன அளவு, எப்போது கண்டுபிடித்தோம், பிறகு எப்படிக் கவனித்தோம் என்பவைதான் முக்கியம். வகையும் அளவும் நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் கையில்தான்.

இது ஒட்டுகிற வருத்தம் இல்லை. செய்வினையும் இல்லை. மிகச் சில குடும்பங்களைத் தவிர, பரம்பரையாக வருவதும் இல்லை. அக்காவுக்குக் கட்டி என்று தங்கச்சிக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிவிடுகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரையிலேயே சுருங்கும் கட்டி

ஓமோன் சுரக்கும் கட்டிகளில் அதிகமாக வருவது, தாய்ப்பாலுக்கான புரோலக்டின் என்ற ஓமோனைச் சுரப்பது. பிள்ளை பெறாத பெண்ணுக்கு மார்பில் பால் கசியும். மாதவிலக்கு நின்றுவிடும். பிள்ளை தங்காது. ஆண்களுக்கு இல்லற ஆசை குறையும். வெட்கத்தால் ஆண்கள் இதை வெளியில் சொல்வதே இல்லை. அதனால் அவர்களின் கட்டி பெரிதான பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது.

நமது லயங்களில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கிறோம்? மலடி என்கிறோம். "வேற கலியாணம் பண்ணி வையுங்க" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு யோசனை சொல்கிறோம். இது எவ்வளவு பெரிய பாவம்! ஏனென்றால், எல்லாக் கபச்சுரப்பிக் கட்டிகளிலும் சுலபமாக அடங்குவது இதுதான். பெரும்பாலானவர்களுக்கு ஆப்பரேஷன் தேவையில்லை. புரோமோகிரிப்டீன், கபர்கோலின் என்று இரண்டு மாத்திரைகள் உண்டு. முதலாவதைத் தினமும் சாப்பாட்டோடு போட வேண்டும். இரண்டாவதைக் கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை போட்டால் போதும். கபர்கோலின் போடுகிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஓமோன் சரியான அளவுக்கு வருகிறது. கட்டியும் சுருங்குகிறது. மாதவிலக்குத் திரும்புகிறது. பிள்ளை பெற்று வளர்க்கிறவர்கள் அநேகம்.

ஒரு எச்சரிக்கை. மாதவிலக்குத் திரும்ப வருவதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். தங்கியது தெரிந்ததும் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்று வைத்தியர் முடிவு செய்வார். வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன் போன்ற சில மாத்திரைகளாலும், மனநோய்க்கான சில மருந்துகளாலும், தைரொயிட் குறைவாலும்கூட இந்த ஓமோன் கூடும். ஆகவே பால் கசிந்தாலே கட்டி என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். போட்டுக்கொண்டிருக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எல்லா மருந்தையும் எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டு உயரமான மனிதர்கள்

அடுத்தது வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் கட்டி. பெரியவர்களுக்கு வந்தால் மோதிரம் இறுகும். செருப்பின் அளவு கூடும். தாடை முன்னால் வரும், பல்லுக்குப் பல் இடைவெளி விழும், குரல் தடிக்கும். சீனி வருத்தம், பிரஷர், குறட்டை, மூட்டுவலி வரும். மாற்றம் மெதுவாக வருவதால் கூட இருக்கிறவர்களுக்கே தெரியாது. கண்டுபிடிக்கப் பல வருடங்கள் போய்விடுகின்றன. பழைய அடையாள அட்டைப் படத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வளரும் வயதில் வந்தால் உயரம் கட்டுக்கடங்காமல் போகும். இதற்குத் தூர தேசத்துக் கதைகள் இரண்டு சொல்கிறோம். அமெரிக்காவில் 1918இல் பிறந்தவர் ரொபர்ட் வாட்லோ. கபச்சுரப்பி அளவு மீறி வளர்ந்து, அவர் 272 சென்ரிமீற்றர் உயரம் வரை போனார். அந்தக் காலத்தில் அதை நிறுத்த ஒரு வழியும் இல்லை. கால்களில் உணர்ச்சி குறைந்து, இரும்புப் பட்டை கட்டி நடந்தார். அந்தப் பட்டை உரசிக் கொப்புளம் வந்து, அதில் கிருமி தொற்றி, 1940இல் இறந்தார். வயது 22.

மற்றவர் சுல்தான் கோசென். துருக்கியில் மார்தின் என்ற பகுதியில் 1982இல் பிறந்த ஒரு விவசாயி. நம்மைப் போல மண்ணில் வேலை செய்த குடும்பம். அவருக்கும் இந்தச் சுரப்பியில் கட்டி. 251 சென்ரிமீற்றர் வரை வளர்ந்தார். 2010இல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக வைத்தியர்கள் அவருக்கு மருந்து கொடுத்து, காமா கதிரைத் துல்லியமாகக் கட்டியின் மேல் பாய்ச்சினார்கள். 2012இல் வளர்ச்சி நின்றுவிட்டது என்று உறுதி செய்தார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மருத்துவம் வளர்ந்ததுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோசெனின் வளர்ச்சி நின்றது, வளர்ந்த எலும்பு குறையவில்லை. இன்றும் ஊன்றுகோல் பிடித்துத்தான் நடக்கிறார். ஆகவே முந்திப் போனால் முந்தி நிற்கும். பெரியவர்களுக்கு வரும் இந்த வகையில், கட்டி சின்னதாக இருக்கும்போது ஆப்பரேஷன் செய்தால் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் குணமாகிறார்கள். பெரிதான பிறகு செய்தால் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். மீதிப் பேருக்கு ஊசி, மாத்திரை, கதிர்ச் சிகிச்சை உண்டு. எந்த வழியிலாவது ஓமோன் அடங்கிவிட்டால், மற்றவர்களைப் போலவே ஆயுளோடு வாழலாம்.

கோர்ட்டிசோல் கூடும் வகை

இது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கடுமையானது. முகம் நிலா மாதிரி உருண்டு, வயிறு பருத்து, கைகால் மெலிந்து போகும். வயிற்றில் சிவந்த கோடுகள் விழும், தோல் இலேசில் கன்றிப் போகும், உட்கார்ந்தால் எழும்ப முடியாது. அமெரிக்க வைத்தியர் ஹார்வி குஷிங் 1932இல் இதை விளக்கி எழுதினார். அந்தக் காலத்தில் சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப் பேர் ஐந்து வருடம் தாண்டவில்லை. இன்று அனுபவமுள்ள கைகளில் ஆப்பரேஷன் செய்தால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அடங்குகிறது. சிலருக்குத் திரும்ப வருவதால் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

ஆனால் உருண்ட முகத்துக்கெல்லாம் கட்டி காரணம் அல்ல. மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் கடையில் வாங்கி மாதக்கணக்காகப் போடும் ஸ்டீரொயிட் மாத்திரையாலேயே பெரும்பாலும் இப்படி வருகிறது. அப்படிப் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வைத்தியரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

ஓமோன் சுரக்காத கட்டியும் ஆப்பரேஷனும்

இப்போது நாம் தொடங்கிய அந்த மகளின் கதைக்கு வருவோம். அவருடையது எந்த ஓமோனையும் கூடுதலாகச் சுரக்காத கட்டி. அது சத்தம் போடாமல் வளர்ந்து கண் நரம்பை அழுத்தும்போதுதான் வெளியில் தெரியும். இந்த வகை மாத்திரையில் சுருங்குவது அரிது. கண்ணை அழுத்தினால் ஆப்பரேஷன்தான்.

"மண்டையைப் பிளப்பாங்களா?" என்று அம்மா கேட்டார். பெரும்பாலும் இல்லை. மூக்கின் வழியாகவே போய்க் கட்டியை எடுக்கிறார்கள். ஒஸ்திரியாவில் ஹெர்மன் ஷ்லோபர் என்ற வைத்தியர் 1907இல் மூக்கின் வழியாக முதன்முதலில் செய்தார். இன்று மெல்லிய குழாயில் கமெராவும் வெளிச்சமும் வைத்துச் செய்கிறார்கள். அனுபவமுள்ள இடங்களில் இந்த ஆப்பரேஷனால் உயிருக்கு ஆபத்து நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கண் மங்கியவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் பார்வை தேறுகிறது. சிலருக்குச் சில நாட்களிலேயே, சிலருக்கு மாதக்கணக்கில். நரம்பு நீண்ட காலம் நசுங்கிக் கிடந்தால் முழுதாகத் திரும்பாமல் போகலாம். கையெழுத்தைத் தள்ளிப் போடக் கூடாது என்பது அதனால்தான்.

பயமுறுத்தாமல், மறைக்காமல் மற்றதையும் சொல்ல வேண்டும். கட்டி முழுவதும் வராமல் கொஞ்சம் மிஞ்சலாம். வருடங்கள் கழித்து மீண்டும் வளரலாம். அதற்குத்தான் ஆரம்பத்தில் சில மாதத்துக்குள்ளும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கண் பரிசோதனையும் செய்கிறார்கள். வளர்ந்தால் மறுபடி ஆப்பரேஷன் அல்லது கதிர்ச் சிகிச்சை உண்டு.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் கவனிக்க வேண்டியவை: மூக்கைச் சிந்தக் கூடாது. குனிந்து பாரம் தூக்கக் கூடாது, கூடை மாட்டவே கூடாது. மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால், அடங்காத தாகத்தோடு சிறுநீர் குடம் குடமாகப் போனால், ஒரு வாரம் அளவில் தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிறுத்தக் கூடாத மாத்திரை

இனிச் சொல்லப்போவதை மறந்துவிடாதீர்கள். கட்டியாலோ ஆப்பரேஷனாலோ சுரப்பி நலிந்துபோனால், அது கொடுக்க வேண்டியதை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அதில் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்பது உயிர் காக்கும் மாத்திரை.

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஐயா ஆப்பரேஷன் முடிந்து நன்றாகத் தேறினார். கவ்வாத்து வேலைக்கும் போனார். "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். உண்மையில் அவர் நன்றாக இருந்ததே அந்த மாத்திரையால்தான். ஒரு நாள் காய்ச்சலோடு வாந்தி வந்தது. அன்று இரவே எழும்ப முடியாமல், பேச்சுக் குழறிக் கிடந்தார். தோட்டத்து லொறியில் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகே கண் விழித்தார். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டியிலிருந்து தப்பிய மனிதர், மாத்திரையை விட்டதால் சாகப் பார்த்தார்.

ஆகவே இந்த மாத்திரை போடுகிறவர்கள் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால், வைத்தியர் சொல்லிக் கொடுத்தபடி அளவை இரண்டு மடங்கு, மூன்று மடங்காகக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே நிற்காவிட்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஊசி போட வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், வேறு ஆப்பரேஷனுக்குப் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும்.

பாஷைப் பிரச்சினையும் இருக்கிறதே. நடு இரவில் ஆஸ்பத்திரிக்குப் போனால் நம் தமிழ் அங்குள்ளவருக்கு விளங்காமல் போகலாம். கிளினிக்கில் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் "இவர் ஸ்டீரொயிட் மாத்திரையில் இருக்கிறார், நிறுத்தக் கூடாது, அவசரத்தில் ஊசி தேவை" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் சின்னப் பிரதி ஒன்று எப்போதும் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ இருக்கட்டும்.

எல்லோரும் செய்யக்கூடியவை

ஒன்று. நீங்காத தலைவலியோடு பக்கப் பார்வை குறைந்தால், காரணமில்லாமல் மாதவிலக்கு நின்றால், பால் கசிந்தால், மோதிரமும் செருப்பும் சின்னதாகிப் போனால், தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டிப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள்.

இரண்டு. திடீரென்று இடி விழுந்தாற் போலத் தலைவலி, வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிதல், இமை தொங்குதல் வந்தால், கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். இது அவசரம். தைலம் தேய்த்துக் கொண்டு படுக்க வேண்டாம்.

மூன்று. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகிறது, பஸ் காசும் போகிறது. இது எங்களுக்கும் தெரியும். திகதியை முன்கூட்டியே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அக்கம்பக்கத்தார் அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கும் கிளினிக்குக்கும் கட்டணம் இல்லை. மாத்திரை முடியும் முன்பே போய் வாங்குங்கள். அங்கே இல்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடாமல், என்ன செய்வது என்று அங்கேயே கேளுங்கள்.

நான்கு. சாமி கும்பிடுவதை நாங்கள் தடுக்கவில்லை. விபூதியும் பூசுங்கள், மாத்திரையும் போடுங்கள். சாமி கோபிக்காது.

அந்த அம்மா இன்றைக்கும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மகளும் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் வந்து பேசும்போது கொஞ்சம் முன்னால் வந்து, கண்ணுக்கு நேரே நின்று பேசுங்கள். இழவு வீட்டுக்குப் போவது போல அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். ஆப்பரேஷன் நாளில் பிள்ளைகளுக்கு யார் சோறு கொடுப்பது, ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது என்று பேசத்தான் போக வேண்டும்.

பேச்சைத் தொடங்கும் முன்பு அம்மா எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னார். "கையெழுத்துப் போடச் சொல்லிட்டேங்க."